சின்ன வாடகைக் கார், நாலு பேர், மலைப்பாதை: பெரிய வண்டிக்கு மாறணுமா?

கேள்வி, மார்ச் 2

அடுத்த மாதம் குடும்பத்தோடு பயணம். நாமே ஓட்டுகிற வாடகைக் கார், காம்பாக்ட் வகையில் பதிவு செய்துவிட்டேன். நாலு பேர், இரண்டு பெரிய பெட்டி. பாதி வழி மலைப்பாதை. "ஒரு லிட்டர் இன்ஜினை வச்சுக்கிட்டு மலை ஏறப் போறியா? பேசாம பெரிய வண்டியா மாத்திடு" என்கிறார் மைத்துனர். சொந்தமாக வைத்திருப்பது செடான், சின்ன வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. ஓட்டியவர்கள் சொல்லுங்கள், மாற்றணுமா?

பதில், மார்ச் 2, இரவு

மாற்றாதீர்கள். பழகாத சாலையில் சின்ன வண்டிதான் தெம்பு. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே நாலு மூலையும் பிடிபடும். குறுகலான வளைவில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் இருக்கும். அடுக்குமாடி பார்க்கிங்கில் தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஒரே திருப்பில் நுழைந்துவிடலாம். பெரிய வண்டி கொடுக்கும் சொகுசை நெடுஞ்சாலையில்தான் அனுபவிக்கலாம், மற்ற இடத்தில் அதன் அகலத்தைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும்.

இன்ஜின் பற்றி மைத்துனர் சொல்வது பழைய காலத்துக் கணக்கு. இப்போது வரும் ஒரு லிட்டர் இன்ஜின்களில் நிறைய டர்போ (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) வைத்தவை. மலை ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். டர்போ இல்லாத இன்ஜின் 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் சக்தியை இழக்கும். டர்போ இருந்தால் அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

நான் அப்படி ஒரு வண்டியில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகள் ஏறியிருக்கிறேன். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியர். வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரை விடாமல் ஒரே சீராக வைத்து, ஸ்டீயரிங் நேராக ஆரம்பித்ததும் கொஞ்சம் கூட்டினால் போதும், வண்டி தானாக இழுத்துக்கொண்டு போகும். மூன்றாம் கியருக்கு அவசரப்படக் கூடாது. இன்ஜின் வேகத்தை நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் கீழே விட்டால்தான் திணறும். இன்ஜின் சத்தம் போடுகிறதே என்று பரிதாபப்பட்டு மேல் கியர் போடுகிறவர்கள்தான் "சின்ன வண்டி மலை ஏறாது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சத்தம் போடட்டும். மலை ஏறுவதற்கு அதுதான் வழி.

மார்ச் 3, காலை

ஒன்று விட்டுப்போனது. இந்த இன்ஜின்கள் பெரும்பாலும் மூன்று சிலிண்டர். நாலு சிலிண்டரில் கிராங்க் (இன்ஜினின் சுழலும் தண்டு) 180 டிகிரி சுற்றும்போது ஒரு வெடிப்பு. மூன்றில் 240 டிகிரிக்கு ஒன்று. அதனால் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் ஒரு நடுக்கம் தெரியும். பழுது இல்லை, நகர்ந்ததும் போய்விடும். சிக்னலில் நின்றதும் இன்ஜினே அணைந்தால் அதற்கும் பதற வேண்டாம். கிளட்சை மிதித்தால், ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், தானே கிளம்பும்.

மார்ச் 3, இரவு

"காம்பாக்ட் என்றால் எந்த வண்டி வரும்?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பதிவில் படத்தோடு ஒரு மாடல் பெயர் இருக்கும், பக்கத்திலேயே "அல்லது இதைப் போன்றது" என்றும் இருக்கும். உங்களுக்கு உரிமை அந்த வகைக்குத்தான், அந்த மாடலுக்கு இல்லை.

பதிவுச் சீட்டில் நாலு எழுத்துக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். அதில் நிறைய விஷயம் இருக்கிறது. உதாரணமாக "சி-டி-எம்-ஆர்": முதல் எழுத்து அளவு, சி என்றால் காம்பாக்ட், இ என்றால் அதற்கும் சின்ன எகானமி. இரண்டாவது உடல் வகை, டி என்றால் நாலு அல்லது ஐந்து கதவு, டபிள்யூ என்றால் பின்னால் நீண்ட வேகன். மூன்றாவது கியர், எம் என்றால் மேனுவல், ஏ என்றால் ஆட்டோ. கடைசி எழுத்து எரிபொருளும் ஏசியும், ஆர் என்றால் ஏசி உண்டு, எரிபொருள் எதுவாகவும் இருக்கலாம். ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டத் தெரிந்தவர்கள் மூன்றாவது எழுத்தைப் பார்க்காமல் பணம் கட்டவே கூடாது.

அளவுக்கு ஒரு கணக்கு. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் எட்டாம் தலைமுறை 4284 மில்லிமீட்டர் நீளம், டிக்கி சுமார் 380 லிட்டர். அதே நிறுவனத்தின் போலோ நாலு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், டிக்கி சுமார் 350. ஐரோப்பிய டொயோட்டா யாரிஸ் 3940 மில்லிமீட்டர், 286 லிட்டர். ஓட்டும்போது இந்த மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பெட்டி ஏற்றும்போது தெரியும்.

அமெரிக்காவில் பிரிப்பதே வேறு மாதிரி. அங்கே அரசின் எரிபொருள் சிக்கனப் பட்டியல், ஆள் உட்காரும் இடமும் டிக்கியும் சேர்ந்து 100 முதல் 109.9 கன அடி வரை இருந்தால் காம்பாக்ட் என்கிறது. வெளி நீளத்தைப் பார்ப்பதே இல்லை. அதனால் ஒரு நாட்டில் எடுத்த காம்பாக்டை நினைவில் வைத்து இன்னொரு நாட்டில் பெட்டியைத் தீர்மானிக்காதீர்கள்.

மார்ச் 4

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். இன்ஜினைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு முக்கியமானதைக் கடைசி வரியில் தொட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். சின்ன வண்டியின் எல்லை இன்ஜினில் இல்லை, சுமையில்.

இந்த அளவுக் கார்கள் ஆளும் பெட்டியும் சேர்த்துச் சுமப்பது பொதுவாக 400 முதல் 500 கிலோ. நாலு பெரியவர்களே 300 கிலோ வந்துவிடுவார்கள். முழுச் சுமையோடு வண்டியின் குணமே மாறும். பிரேக் மிதித்தால் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். வளைவில் பின்பக்கம் கனப்பது இடுப்பில் தெரியும். ஆளில்லாத வண்டியில் எடுத்த ஓவர்டேக் முடிவை, ஆள் நிறைந்த வண்டியில் எடுக்கக் கூடாது. லாரியை முந்த ஒன்றரை மடங்கு இடம் இருந்தால் மட்டும் வெளியே வாருங்கள், அதுவும் ஒரு கியர் குறைத்துவிட்டு.

ஏறுவதை விட இறங்குவதுதான் எனக்குக் கவலை. பல சின்ன கார்களில் பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான் (மூடிய உருளைக்குள் பிடிப்பது). நீண்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தால் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிப்பு குறையும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். ஆட்டோமேட்டிக்கில் எல் (தாழ்ந்த கியர்) அல்லது மேனுவல் நிலை இருக்கும். டொயோட்டா ஹைபிரிட் என்றால் பி என்று ஒரு நிலை, அது இதற்காகவே வைத்தது.

பெட்டி விஷயம்: இரண்டு பெரிய கெட்டிப் பெட்டியை ஒன்றாக மாற்றி, மிச்சத்தைத் துணிப்பைகளில் பிரித்துவிடுங்கள். ஹேட்ச்பேக் டிக்கியின் வாய் அகலம், அடி குறுகல், ஓரங்களில் சக்கர வளைவு புடைத்துக்கொண்டு நிற்கும். கெட்டிப் பெட்டி அந்தப் புடைப்பில் முட்டி நிற்கும். துணிப்பை அதைச் சுற்றி வளைந்து உட்காரும்.

மார்ச் 4, கொஞ்ச நேரம் கழித்து

சுமை என்றதும் இது ஞாபகம் வந்தது. யாரும் சொல்வதில்லை.

டிக்கி நிறைந்தால் பின்பக்கம் அமுங்கி மூக்கு மேலே தூக்கும். முகப்பு விளக்கும் கூடவே தூக்கும். ஒருமுறை இரவில் எதிரே வருகிற வண்டி எல்லாம் எனக்கு விளக்கடித்துக்கொண்டே வந்தது. ஹைபீம் போடவில்லை, இருந்தும் ஒவ்வொருவராகக் கண்ணைச் சிமிட்டிக் காட்டுகிறார்கள். ஓரமாக நிறுத்தி விளக்குச் சுவிட்சைச் சுற்றித் தடவினேன். பக்கத்தில் விரல்நுனி அகலத்தில் பல்சக்கரம் மாதிரி ஒரு திருகி, அதில் 0, 1, 2, 3. காரை யாரோ தனி ஆளாக ஓட்டிவிட்டுக் கொடுத்ததால் பூஜ்யத்திலேயே இருந்தது. இரண்டுக்குத் திருப்பினேன். எதிரே சுவரில் இருந்த வெளிச்சக் கோடு ஒரு சாண் கீழே இறங்கியது. அதற்குப் பிறகு ஒருவரும் விளக்கடிக்கவில்லை. சில புது வண்டிகளில் இது தானியங்கி, திருகியே இருக்காது. வாடகைக்குக் கிடைக்கும் சின்ன வண்டிகளில் இன்னும் நிறைய இருக்கிறது.

மார்ச் 6

"சாவியை வாங்கியதும் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டவருக்கு.

கிளம்ப மாட்டேன். கால் மணி நேரம் அதே இடத்தில் நிற்பேன். பின்னால் பிள்ளைகள் "போலாம் போலாம்" என்று கத்தினாலும் நிற்பேன். வாடகைக் காரில் ஆபத்தான நேரம் வாசலைத் தாண்டிய முதல் சில கிலோமீட்டர்தான். சாலை புதிது, வண்டி புதிது, போன் வழி சொல்லிக்கொண்டிருக்கிறது, அந்த நேரம் பார்த்து மழை வந்து வைப்பர் எங்கே என்று தேடினால் என்ன ஆகும்?

முதலில் இருக்கை. கிளட்சை முழுதாக மிதித்தும் முழங்கால் லேசாக மடங்கி இருக்கணும். முதுகைச் சாய்த்தபடியே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படணும். சின்ன வண்டியில் இருக்கையின் உயரத்தை ஏற்றும் நெம்புகோல் பெரும்பாலும் கதவுப் பக்கம் இருக்கும், ஸ்டீயரிங்கை இறக்கும் பிடி ஸ்டீயரிங்கின் அடியில்.

அடுத்து கண்ணாடி. நம்மில் பலர் பக்கக் கண்ணாடியில் சொந்த வண்டியின் விலா பாதி தெரியும்படி வைத்துக்கொள்கிறோம். ஜார்ஜ் பிளாட்சர் என்ற பொறியாளர் 1995-இல் வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஆய்வுத்தாளில் சொன்ன முறை வேறு. தலையைக் கதவுக் கண்ணாடியில் ஒட்டுமளவு சாய்த்து, அங்கிருந்து பார்க்கும்போது வண்டியின் விளிம்பு லேசாகத் தெரிகிற அளவுக்கு அந்தப் பக்கக் கண்ணாடியை வெளியே திருப்பணும். அடுத்த பக்கத்துக்கு, உடலை வண்டியின் நடுவுக்குச் சாய்த்து அதே மாதிரி. நிமிர்ந்து உட்கார்ந்தால் சொந்த வண்டி தெரியாது, பக்கத்துத் தடத்தில் வருகிற வண்டி தெரியும். முதல் நாள் வண்டியின் விலா தெரியாமல் கை பதறும், அப்புறம் பழைய முறைக்குத் திரும்ப மனசு வராது. சின்ன கார்களில் பின் ஜன்னல் தூண் தடிமனாக இருப்பதால் இது இன்னும் அவசியம்.

பிறகு ரிவர்ஸ் கியர். சொன்னால் சிரிப்பீர்கள், பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஃபோக்ஸ்வேகன் வண்டியில் கியர் குமிழைக் கீழே அமுக்கி இடதுபக்கம் முன்னால் தள்ளணும். ரெனோ வண்டியில் குமிழுக்குக் கீழே ஒரு வளையம், அதை விரலால் தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும். வேறு சில வண்டிகளில் வலது கோடியில், பின்னால். கூட வந்த நண்பர் ஒருவர் சுவரை முட்டுமளவு முன்னால் போய் நிறுத்திவிட்டு, ரிவர்ஸ் என்று நினைத்து முதல் கியரைப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் வண்டி சுவரை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. நான் இறங்கிப் போய் வளையத்தைத் தூக்கிக் காட்டினேன். திறந்த இடத்தில் இரண்டு தரம் போட்டுப் பார்த்தால் இந்தக் கஷ்டமே இல்லை.

இண்டிகேட்டர், வைப்பர். ஐரோப்பிய வண்டிகளில் இண்டிகேட்டர் இடது கையில். ஜப்பானில் ஓடும் வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிகளில் வலது கையில். திரும்புவதற்கு வைப்பர் போடுவது எல்லோருக்கும் நடக்கும், மனம் தளர வேண்டாம், ஒரு நாளில் கை பழகிவிடும்.

கடைசியாக அந்த "டிங் டிங்". 2024 ஜூலை 7 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகப் பதிவாகிற எல்லாக் கார்களிலும் வேக வரம்பை எச்சரிக்கும் கருவி கட்டாயம். அணைத்தாலும் அடுத்த முறை கிளப்பும்போது தானே விழித்துக்கொள்ளும். வாடகைக் கார்கள் பெரும்பாலும் புது வண்டிகள், ஆகவே இது உங்கள் தலையில்தான் விழும். எந்தச் சத்தம் எதற்கு என்று நிற்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள். தடம் விலகினால் ஸ்டீயரிங்கைத் தானே இழுக்கும் வசதியும் இருக்கலாம். தெரியாமல் அதை முதல்முறை வளைவில் சந்திப்பது நல்லதில்லை.

மார்ச் 6, தூக்கம் வராமல்

ரிவர்ஸ் பற்றி எழுதியதும் பழைய கதை ஒன்று. 1918-இல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் ஒரு டஜன் ஃபோர்டு மாடல் டி கார்களை வைத்து வாடகைத் தொழில் ஆரம்பித்தார், பிற்காலத்தில் அதுதான் ஹெர்ட்ஸ் என்ற பெரிய வாடகைக் கார் நிறுவனம் ஆனது. மாடல் டி-யில் மூன்று மிதி. இடது மிதி கியர், நடு மிதி ரிவர்ஸ், வலது மிதி பிரேக். ஆக்ஸிலேட்டர் காலில் இல்லவே இல்லை, ஸ்டீயரிங்குக்குக் கீழே கைப்பிடி. இன்று நாம் ஏறி உட்கார்ந்தால் ஒரு அடி நகர்த்த மாட்டோம். அன்று வாடகைக்கு எடுத்தவர்களுக்குப் பிரச்சினை இருந்திருக்காது, சாலையில் ஓடியதில் ஏறக்குறைய பாதி மாடல் டி-தானே. இன்று நிலைமை தலைகீழ். மிதிகள் எல்லா வண்டியிலும் ஒன்றுதான், மற்றது எல்லாம் ஆளுக்கொரு இடத்தில்.

மார்ச் 8

டயரைப் பற்றிக் கேட்டவருக்கு நன்றி. மறந்தே போயிருப்பேன்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர். பல வண்டிகளில் இரண்டு வரிசை எண் இருக்கும், ஒன்று குறைந்த ஆளுக்கு, இன்னொன்று முழுச் சுமைக்கு. பின் டயருக்கு முழுச் சுமை எண் கணிசமாகக் கூடும். நீங்கள் நாலு பேரும் பெட்டியும். அப்படியானால் இரண்டாவது வரிசை. கிளம்பும் நாளே காற்று பிடித்துவிடுங்கள், டயர் சூடாவதற்கு முன்.

"டேஷ்போர்டில் விளக்கு எரியவில்லையே" என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்க விதிப்படி காற்று, ஸ்டிக்கர் எண்ணை விட 25 சதவீதம் குறைந்தால்தான் அந்த விளக்கு கட்டாயம் எரியணும். 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தாலும் விளக்கு மௌனமாக இருக்கலாம்.

டிக்கித் தரையைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் ஒல்லியான தற்காலிகச் சக்கரம், மேலே மணிக்கு 80 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று எழுதியிருக்கும். அதுகூட இல்லாமல் பசைப் புட்டியும் சின்ன பம்பும் மட்டும் இருக்கலாம். ஆணி குத்தினால் பசை உதவும், பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. டயரும் முன் கண்ணாடியும் வண்டியின் அடிப்பகுதியும் பல சேதக் காப்புத் திட்டங்களில் சேராது என்பதால் இதைக் கவுண்டரிலேயே கேட்டுவிடுவது நல்லது.

மார்ச் 9

பெட்ரோல் மூடி எந்தப் பக்கம்? எரிபொருள் முள்ளுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு அம்புக்குறி. அது காட்டும் பக்கம்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் ஃபோர்டு பொறியாளர் ஜிம் மொய்லன். 1986-இல் அலுவலகப் பொதுக்காரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் போடப் போனார். மூடி மறுபக்கம், மழையில் நனைந்துவிட்டார். திரும்பி வந்த கையோடு உட்கார்ந்து யோசனையை எழுதிக் கொடுத்தார், 1989 மாடல் எஸ்கார்ட்டில் அம்புக்குறி வந்துவிட்டது. தன்னுடையதல்லாத காரை ஓட்டியவருக்குத்தான் இது தோன்றியிருக்கிறது. ஒவ்வொரு வாடகைக் காரிலும் அந்த அம்பைப் பார்க்கும்போது அவரை மனசார நினைத்துக்கொள்வேன்.

மூடியைத் திறந்ததும் உள்பக்கம் பெட்ரோலா டீசலா என்று எழுதியிருப்பதையும் படித்துவிடுங்கள். சொந்த வண்டி டீசலாக இருந்தால் கை பழக்கத்தில் அந்தக் குழாய்க்கே போகும்.

மார்ச் 11

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியதைப் பார்த்தேன். நாலாவது ஆள் அவருடைய அம்மா, முழங்கால் வலி உள்ளவர். முன்பே சொல்லியிருந்தால் இங்கிருந்தே ஆரம்பித்திருப்பேன்.

"மாற்றாதீர்கள்" என்று நான் சொன்னது இன்ஜினையும் சாலையையும் வைத்து, அது அப்படியே நிற்கிறது. முழங்காலை வைத்துப் பார்த்தால் யோசிக்கணும். ஹேட்ச்பேக்கில் இருக்கை தாழ்வு. உட்காருவது சுலபம், எழுவதுதான் கஷ்டம். கை ஊன்ற இடமில்லாமல் கதவைப் பிடித்துத் தொங்கி எழுவார்கள், பார்க்கவே மனசு கஷ்டப்படும். அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். கதவு முழுதாகத் திறக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளி, உயர்த்த முடிந்தால் உயர்த்தி, அதன் பிறகு ஏறச் சொல்லுங்கள். முதலில் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்பணும். ஒற்றைக் காலை உள்ளே வைத்து நுழையக் கூடாது. முன் இருக்கை பின்னால் போவதால் அதற்குப் பின்னால் சின்னப் பிள்ளை உட்காரட்டும்.

இதெல்லாம் செய்தும் அம்மா சிரமப்படுவார் என்று தோன்றினால், நீளமான செடானுக்குப் போகாதீர்கள், அதிலும் இருக்கை தாழ்வுதான். அதே காம்பாக்ட் அளவில் உயரமான வண்டி கேளுங்கள். வெளி நீளம் ஏறக்குறைய அதே, இருக்கை இடுப்பு உயரத்துக்குக் கிட்டே. பார்க்கிங்கில் படும் பாடு கூடாது, அம்மாவும் நிமிர்ந்தபடியே இறங்குவார்.

மைத்துனரிடம் இன்ஜினுக்காக மாற்றவில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

மார்ச் 14

திருப்பிக் கொடுப்பது பற்றிச் சுருக்கமாக.

எடுக்கும்போது வண்டியைச் சுற்றி நிறுத்தாமல் ஒரு வீடியோ, வெளிச்சத்தில். பம்பரின் கீழ் விளிம்பு, சக்கர ரிம், முன் கண்ணாடி இந்த மூன்றையும் கிட்டத்தில். ரிம்மில் நடைபாதை விளிம்பு உரசிய கோடுகள்தான் பின்னால் பேச்சுக்கு வரும். ஒரு தடவை ரிம்மில் இருந்த பழைய கீறலை என் கணக்கில் எழுதினார்கள். எடுத்த நேரத்து வீடியோவைக் காட்டியதும் அந்த வரியை அடித்துவிட்டார்கள். வாடகைச் சீட்டில் குறிக்காத கீறல் எதுவானாலும் கிளம்பும் முன் குறிக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். கொடுக்கும்போதும் அதே சுற்று, கூடவே எரிபொருள் முள்ளும் கிலோமீட்டர் எண்ணும் தெரிகிற ஒரு படம். அலுவலகம் பூட்டிய நேரத்தில் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வருபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். பல நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் மறுநாள் ஆள் வந்து பார்க்கும் வரை பொறுப்பு நம்முடையதுதான்.

போனை ப்ளூடூத்தில் இணைத்திருந்தால் வண்டியின் திரையில் அமைப்புகளுக்குப் போய் உங்கள் போன் பெயரை நீக்குங்கள். அழைத்த எண்களும் தொடர்புப் பட்டியலும் போன இடங்களும் அங்கே தங்கியிருக்கும். போனில் மட்டும் துண்டித்தால் அவை போகாது. நான் எடுத்த வண்டிகளில் முன்னால் ஓட்டியவர்களின் வீட்டு முகவரியே வழிகாட்டியில் இருந்திருக்கிறது. அவர்களுடையதையும் அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அம்மா எந்த வண்டியில் ஏறினார் என்று போய் வந்து எழுதுங்கள்.